பழைய மர ஜன்னலை மாற்றாமலே ஏசி செலவைக் குறைக்க முடியுமா?

சென்னையில் மேற்குப் பார்த்த அறை, 40 வருடத்துத் தேக்கு ஜன்னல், அதை எடுத்துவிட்டு யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டால் கரண்ட் பில் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேக்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள். சட்டம் உளுத்துப்போகாமல் இருந்தால் சரிசெய்வதே லாபம்.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஓரங்களில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை கலைகிற இடத்தில் இடுக்கு இருக்கிறது. அதன் வழியே சூடு மட்டுமல்ல, கடலோர ஊர் என்பதால் ஈரமும் வரும். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றவும் ஏசி மின்சாரம் தின்னும். கதவு படியும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்த புட்டியை (கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பூச்சு) சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். கதவு பிடிக்கிறதே என்று மழைக்காலத்தில் மட்டும் இழைத்துவிடாதீர்கள். அப்போது மரம் உப்பியிருக்கும், கோடையில் சுருங்கி இன்னும் பெரிய இடைவெளி விடும்.

ஆனால் மேற்கு ஜன்னலுக்கு இடுக்கைவிட வெயில்தான் பெரிய தொல்லை. சாயங்கால வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடு போதாது. உள்ளே திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள்.

இரட்டைக் கண்ணாடியா? ஒரே ஒரு ஏசி அறைக்கு அது தண்டச் செலவு என்பேன். தெரு இரைச்சல் தாங்கவில்லை என்றால் வேறு விஷயம்.

அப்புறம், ஏசியை 22-லிருந்து 25-க்கு ஏற்றிப் பாருங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு.