3 கணினி, 32 குழந்தைகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு கணினி வகுப்பையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 32 குழந்தைகளுக்கு 3 கணினிகள்தான். கணினி அறிவியல் நான் படித்ததில்லை. இணையப் பாதுகாப்பும் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முதல் 3 வாரம் கணினியை ஆன் செய்யவே வேண்டாம். இந்த வயதில் முக்கியம், ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் குழப்பமில்லாமல் சொல்லத் தெரிவது. மவுஸ் பிடிப்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

தரையில் சாக்பீஸால் 5-க்கு 5 கட்டம் போடுங்கள். ஒரு குழந்தை ரோபோ, இன்னொரு குழந்தை கட்டளை கொடுப்பவள். 'ஓர் அடி முன்னே', 'வலப்பக்கம் திரும்பு', 'இடப்பக்கம் திரும்பு' என்று மூன்றே கட்டளைகள். எதிர் மூலையில் இருக்கும் புத்தகத்தை ரோபோ போய் எடுக்க வேண்டும். கட்டளை கொடுப்பவள் ரோபோவைப் பார்த்தபடி எதிரே நிற்பாள். "வலப்பக்கம் திரும்பு" என்பாள். ரோபோ தன் வலப்பக்கம் திரும்பும். "ஐயோ, அந்தப் பக்கம் இல்லை!" என்று கத்துவாள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: யாருடைய வலப்பக்கம்? ரோபோ சொன்னதைத்தானே செய்தது? அடுத்த முறை கட்டளைகளை முன்கூட்டியே தாளில் எழுதட்டும். வழி தவறினால் எந்த வரியில் தவறியது என்று விரல் வைத்துத் தேடட்டும். கணினிக்கான கட்டளைகளை, அதாவது நிரல், எழுதுபவர்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுதான். 1967-ல் குழந்தைகளுக்காக உருவான லோகோ என்ற கணினி மொழியில், திரையில் தெரியும் ஓர் ஆமையைக் கட்டளையிட்டு நகர்த்த வேண்டும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமர் பேப்பர்ட், குழந்தை திணறினால் 'நீயே ஆமையாகி நடந்து பார்' என்ற வழியைத்தான் வலியுறுத்தினார்.

அப்புறம் ஸ்கிராட்ச்: கட்டளைக் கட்டங்களை மவுஸால் இழுத்து அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள். 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது, இலவசம். கணினியிலேயே நிறுவிக்கொண்டால் இணையமோ பயனர் கணக்கோ தேவையில்லை. கணினிக்கு இருவராக உட்காரட்டும். மற்றவர்கள் தாளில் திட்டம் போடட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறுவதை நீங்களே கவனியுங்கள். இல்லாவிட்டால் வேகமான பிள்ளை விடவே மாட்டாள்.

பாதுகாப்பைத் தனிப் பாடமாக வைக்காமல் இதோடு கலந்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கணக்கு வகுப்பிலேயே சொல்லலாம். ஓர் இலக்கப் பூட்டுக்கு 10 வாய்ப்பு, 2 இலக்கத்துக்கு 100, 4 இலக்கத்துக்கு 10,000. நீளம் கூடக் கூடத் திருடுவது ஏன் கடினம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். புகைப்படத்துக்கு ஒரு பயிற்சி: ஒரு சிறுமியின் படம் வரைந்து, சட்டையில் பள்ளிச் சின்னம், பின்னால் வீட்டு எண், தெருப் பலகை எல்லாம் சேர்த்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர் இந்தப் படத்திலிருந்து என்னென்ன தெரிந்துகொள்வார் என்று கேளுங்கள். பயமுறுத்தாமலே புரிந்துவிடும்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறு. திரையில் ஏதோ அருவருப்பாக வந்தாலோ, யாரோ 'அம்மாவிடம் சொல்லாதே' என்று செய்தி அனுப்பினாலோ, குழந்தை உடனே பெரியவரிடம் வர வேண்டும். பல குழந்தைகள் வருவதில்லை. காரணம், சொன்னால் திட்டு விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அதனால் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: "தப்பு உன்னுடையதாகவே இருந்தாலும் சரி, என்னிடம் சொல், நான் திட்ட மாட்டேன்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். முதல் குழந்தை வந்து சொல்லும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மற்ற 31 பேரும் பார்ப்பார்கள். பெற்றோர் கூட்டத்திலும் இதை முதலில் பேசுங்கள்: உண்மையைச் சொன்னதற்காகப் போனைப் பறிக்காதீர்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று ஒவ்வொரு குழந்தையையும் 3 பெரியவர்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தாளை நீங்கள் மட்டும் பாருங்கள். யாராவது வெற்றுத் தாளைக் கொடுத்தால், அன்றைக்கே அந்தக் குழந்தையோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.