படம் முடிந்த பிறகு தொடங்கும் படிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் உளவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், எந்நேரமும் சைக்கோ த்ரில்லர் படங்களே பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்கள்தான் அவள் மனத்தைக் கெடுத்துவிட்டன என்கிறார் உங்கள் நாத்தனார். "தனியார் கல்லூரியில் ஒரு எம்.பி.பி.எஸ். இடம் வாங்கிவிடுவோம், பிறகு மனநல மருத்துவராகிக்கொள்ளட்டும், பாதிப் பணம் நான் தருகிறேன்" என்கிறார் உங்கள் அண்ணன். நீங்கள் பயந்துபோயிருப்பது புரிகிறது. ஆனால் இந்த நேரத்தில் உங்களுக்கு ஆறுதலைவிடத் தெளிவுதான் அதிகம் தேவை.

முதலில் மகளிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒழுங்காகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? இரண்டு வாரமாக இவை குலைந்திருந்தால் கல்லூரிப் பேச்சு காத்திருக்கட்டும். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், படம் பார்ப்பதை நோயாக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய அவளுடைய குறிப்புகளைப் படித்தேன். 2012-இல் வந்த '3' படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். நாயகனுக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்) இருப்பது நண்பனுக்கும் மருத்துவருக்கும் தெரிகிறது. மனைவி ஜனனிக்கு மட்டும் தெரியாது. "ஏன் யாருமே ஜனனியிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா?" என்று கேட்டிருக்கிறாள். திரில்லுக்காக மட்டும் படம் பார்க்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி வராது.

இந்த வகைப் படங்கள் மனச்சோர்வு (டிப்ரஷன்) போன்ற நோய்களை எப்படிக் காட்டுகின்றன என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஷட்டர் ஐலண்ட்' (2010) படத்தில் நோயுற்ற மனைவி தன் குழந்தைகளையே கொன்றவள். 'சைடு எஃபெக்ட்ஸ்' (2013) படத்தில் அந்தப் பெண்ணின் மனச்சோர்வே நடிப்பு என்று கடைசியில் தெரிகிறது. ஒன்றில் நோயாளி ஆபத்தானவள், மற்றொன்றில் ஏமாற்றுக்காரி. நம் வீடுகளில் மனச்சோர்வு வந்தவர்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லப்படும் இரண்டு பழிகளும் இவைதாம். உண்மையில் அந்த நோய் சத்தமில்லாமல் வருகிறது. உடம்பெல்லாம் வலி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, குளிக்கக்கூட மனமின்மை, எல்லாம் தன்னால்தான் என்ற குற்ற உணர்வு. இதில் எதிர்பாராத திருப்பம் எதுவும் இல்லாததால் கேமரா அங்கே நிற்பதில்லை. உங்கள் மகளின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

இனி உங்கள் அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும்; பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன் பிறகு நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, இடம் கிடைத்தால் இன்னும் மூன்று ஆண்டுகள். மீதிப் பாதிப் பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். உயிரியல் பாடமே அவளுக்குப் பிடிக்காது என்பதும் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. வீட்டை அடகு வைத்துச் சேர்த்த பிள்ளை, முடியவில்லை என்று தோன்றினாலும் வாய்திறந்து சொல்ல மாட்டாள்.

பி.எஸ்சி. உளவியல் பற்றி விசாரித்துவிட்டீர்கள், எனவே அதை விட்டுவிடுகிறேன். அஞ்சல் வழியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2025 முதல் தொலைநிலையில் உளவியல் படிப்புகளை நிறுத்தச் சொல்லிவிட்டது. யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு துறையைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன். அது மனநல சமூகப் பணி. மருத்துவமனைகளில் 'சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க்கர்' என்பார்கள்.

மருத்துவர் மருந்து எழுதுகிறார். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் நிறுத்தினார்? மாத்திரையைப் பார்த்து மாமியார் ஏதாவது சொன்னாரா? பஸ் செலவுக்குப் பணம் இல்லையா? குணமாகிவிட்டது என்று நினைத்தாரா? இதை வீட்டுக்குப் போய்க் கேட்பவர் மனநல சமூகப் பணியாளர். கணவரை உட்காரவைத்து, "சோம்பேறித்தனம் இல்லை, இது நோய்" என்று விளக்குபவர் அவர். நீண்ட விடுப்பில் இருப்பவர் வேலைக்குத் திரும்ப முதலாளியிடம் பேசுவதும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழிகாட்டுவதும், மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது போக இடமில்லாதவருக்கு இடம் தேடுவதும் அவர் பொறுப்பு.

இந்த வேலைக்கு ஆழமான அறிவியல் அடித்தளம் உண்டு. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் தங்கள் முடிவுகளை நூலாக்கினார்கள். மனம்விட்டுப் பேச நெருங்கியவர் இல்லாமை, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேல் சிறு குழந்தைகள், வெளிவேலை இல்லாமை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தது ஆகியவை இருந்த பெண்களை, பெரிய துயரம் ஒன்று நேர்ந்தபோது மனச்சோர்வு எளிதில் பற்றியது. இந்தப் பட்டியலில் எதையும் மாத்திரையால் மட்டும் மாற்ற முடியாது.

பாதை இதுதான். மூன்றாண்டு இளங்கலை, சமூகப் பணியாகவும் இருக்கலாம், உளவியலாகவும் இருக்கலாம். பிறகு சமூகப் பணியில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதற்குப் பெயர்பெற்ற இடம். அதற்குப் பிறகு மனநல சமூகப் பணியில் மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய இரண்டாண்டு எம்.ஃபில்.; மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்கு முதன்மையான நிறுவனம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தகுதியைப் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. ஆனால் எம்.ஃபில். முறையை மானியக் குழு முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்தத் துறைக்கு 2025-26 வரை மட்டும் விலக்கு தந்தது. உங்கள் மகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது படிப்பின் பெயர் மாறியிருக்கலாம். இரண்டாம் ஆண்டிலிருந்தே அறிவிப்புகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் படித்தால், இந்த ஏழு ஆண்டுக் கட்டணமும் சேர்ந்தாலும் அந்த மருத்துவ இடத்தின் ஓராண்டுக் கட்டணத்தைத் தொடாது.

வேலை எங்கே என்று அண்ணன் கேட்பார். மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களில், மருத்துவக் கல்லூரி மனநலத் துறைகளில், மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகளில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் குறைவு; பல பணியிடங்கள் ஒப்பந்த முறையில்தான் இருக்கின்றன. இதை மகளிடம் மறைக்காதீர்கள். தெரிந்தும் அவள் வேண்டும் என்றால், அந்த முடிவை மாற்றும் உரிமை எனக்கோ, உங்கள் அண்ணனுக்கோ, நாத்தனாருக்கோ இல்லை.

கல்லூரிக்குப் போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, அதில் மனநல மருத்துவமனை உண்டா, யார் மேற்பார்வையிடுவார்கள் என்று அவளே கேட்கட்டும். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் விண்ணப்பக் கட்டணம்கூடக் கட்ட வேண்டாம்.