நடுங்கும் உடம்புக்குச் செம்பருத்திக் கஷாயம் ஆகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் எங்கள் கிராமம். என் கணவருக்கு வயது 42, காட்டோரம் ஆடு மேய்க்கிறார். ஐந்து நாளாகச் சாயங்காலமானால் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர், பிறகு கடுங்காய்ச்சல். மாமியார் செம்பருத்திப் பூவை மிளகோடு காய்ச்சிக் கொடுக்கிறார். "அது குளிர்ச்சியான பூ, நடுக்கம் இன்னும் அதிகமாகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. யார் சொல்வது சரி?

பதில்: பூவால் நடுக்கம் அதிகமாகாது. காய்ச்சலும் அதனால் தீராது.

நடுங்குகிறவரின் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. நோய்க்கிருமி நுழைந்ததும் மூளை, 98.6 டிகிரி போதாது, 103 வேண்டும் என்று அளவை ஏற்றி வைக்கிறது. அந்தச் சூட்டை எட்டத்தான் தசைகள் துடிக்கின்றன. நடுக்கம் என்றால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது போர்த்திவிடுங்கள், நின்றதும் போர்வையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள்.

செம்பரத்தம்பூவைச் சித்த மருத்துவம் உடற்சூட்டுக்கும், மாதவிலக்கில் இரத்தம் அதிகமாகப் போகும் பெரும்பாட்டுக்கும் சொல்கிறது. காய்ச்சல் நேரத்தில் வெந்நீராக உள்ளே போவது நல்லதுதான், குடிக்கட்டும். கருவுற்ற பெண்களுக்கு மட்டும் வேண்டாம். கடைகளில் செம்பருத்தித் தேநீர் என்று விற்கும் புளிப்பான சிவப்புச் சருகு வேறு செடி. நம் புளிச்சகீரைக்கு நெருங்கிய சொந்தம்.

என் கவலை பூவைப் பற்றியதல்ல. ஐந்து நாள் குளிர்காய்ச்சல், அதுவும் புதரோரம் ஆடு மேய்ப்பவருக்கு என்றால், மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சலோடு உண்ணிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. இன்றே விளக்கு வெளிச்சத்தில் அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றின் அடி எல்லாம் பாருங்கள். வெட்கப்பட்டுச் சட்டையைக் கழற்றாமல் உட்காரும் ஆண்களிடம் இந்தப் பொருக்கு எளிதாகத் தப்பிவிடுகிறது. பொருக்கு இல்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

"ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை முதலில். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை வேண்டாம்.

நாளைக் காலை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆடு மேய்ப்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு, உளறல், சிறுநீர் குறைவு, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்துத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.