தம்பிக்கு ஏழு வருஷமா? – பதில்

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் கேஷியராக இருந்த தம்பி, லாரி வாடகைப் பணத்தில் 2,40,000 ரூபாய் எடுத்துவிட்டான், ஏழு வருஷம் உள்ளே போவானா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள் அக்கா. ஏழு என்பது உச்சவரம்பு. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன் எடுத்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408-ஆம் பிரிவு, பிறகென்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தின் 316(4). உச்சவரம்பு இரண்டிலும் அதேதான்.

முதல் தப்பா, பணம் திரும்பி வந்ததா, ஒரு தடவை எடுத்தானா, மாதக்கணக்கில் பொய்க்கணக்கு எழுதினானா, இதையெல்லாம் மாஜிஸ்திரேட் பார்ப்பார். 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடவும் வழி உண்டு. வக்கீலிடம் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது ராஜி. முதலாளி சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால் வழக்கே முடிந்துவிடும். ஆனால் பணத்தை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்காதீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் தாலிக்கொடியை அடகு வைத்து 80,000 அப்படித்தான் கொடுத்தார். வாங்கியவர்களோ கோர்ட்டில் "வாங்கவே இல்லை" என்றார்கள். வங்கி வழியாகவே போடுங்கள், அதுவும் வக்கீலைக் கேட்டபிறகு.