டாட் ஷொப்ல நம்மட கடைப் பேர வேற ஆள் எடுத்தா?

கேள்வி: எங்கட கைத்தறிச் சாறிக் கடைக்கு டாட் கொம்ல வெப்சைட் இரிக்கு. இப்ப டாட் ஷொப், டாட் ஒன்லைன் எண்டு புதுசு புதுசா வருதே, நம்மட பேர ஆரும் எடுத்தா என்ன செய்யிற?
– வாசகர், மருதமுனை

பதில்: தம்பி, கடைப் பேர ட்ரேட்மார்க்கா பதிஞ்சிரிக்கீங்களா? பிரதேச செயலகத்தில எடுத்த வியாபாரப் பதிவு வேற, இது கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில பதியிறது, 10 வருசம் செல்லும், மறுகா புதுப்பிக்கலாம். அது இருந்தா, இணையப் பேருகள உலகளவில மேற்பாக்கிற ஐகான் 2013ல தொடங்கின ட்ரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் எண்ட ட்ரேட்மார்க் பதிவேட்டில காசு கட்டிப் பேர போடலாம், போட்டா புது டாட் ஒண்டு திறக்கக்குள்ள சன்ரைஸ் எண்டு குறைஞ்சது 30 நாள், சனத்துக்கு முந்தி நீங்க வாங்கலாம். மறுகா 90 நாளைக்கு, உங்கட பேர எடுக்கப் போறவருக்கு எச்சரிக்கை போகும், ஆனா தடுக்காது. அதுவும் பேர் அப்படியே இருந்தாத்தான், பின்னால 'சாறீஸ்' எண்டு ஒட்டிட்டா பொதுவா பிடிபடாது.

டாட் ஷொப் எப்பவோ திறந்தாச்சு, அதுக்கு சன்ரைஸ் முடிஞ்சு. பேர் சும்மா கிடந்தா இண்டைக்கே வாங்கிப் போடுங்க. கெட்ட எண்ணத்தில ஆரும் எடுத்திருந்தா யூடிஆர்பி எண்ட இணையப் பேர்த் தகராறு தீர்க்கிற முறையில முறையிட்டுப் பேர மாத்தி எடுக்கலாம், அத விசாரிக்கிற ஐநாட புலமைச் சொத்து அமைப்பு வைப்போவில ஒரு நடுவருக்கே 1500 டொலர், சாறி வித்த லாபமெல்லாம் போயிரும். யூஆர்எஸ் எண்ட இன்னொரு முறைப்பாட்டு வழி மலிவு, ஆனா அது பேர முடக்கி வைக்கிறதோட சரி, உங்கட கைக்கு வராது.