எலீட் ஸ்குவாட் 2ங்கிற பிரேசில் படத்துல வர்ற மிலீசியான்னா யாரு? போலீஸா, ரவுடியா?

ரெண்டும்தான். ரியோ டி ஜெனிரோவுல மிலீசியான்னா டியூட்டில இருக்கிற, ரிட்டயர் ஆன போலீஸ்காரங்க, ஜெயில் வார்டன், ஃபயர் சர்வீஸ் ஆளுங்கன்னு சேர்ந்து நடத்துற கும்பல். ஃபவேலா மாதிரி ஏழை ஏரியாக்கள்ல இருக்கிற போதை கும்பலை விரட்டிட்டு இவங்க உக்காந்துக்குவாங்க.

ஏன்னா போதை வியாபாரிகிட்ட வாங்குற மாமூலை விட ஏரியாவையே கைல வச்சா வருமானம் ஜாஸ்தி, கேஸ் சிலிண்டர், திருட்டு கேபிள், வேன் சர்வீஸ், "பாதுகாப்பு" காசுன்னு எல்லாத்துலயும் கட்டிங், அதுக்கு மேல அந்த ஏரியா ஓட்டும் இவங்க கைல, அதனால அரசியல்வாதியும் கண்டுக்க மாட்டான்.

நம்ம அபார்ட்மென்ட் வாட்ச்மேன் திருடனை விரட்டிட்டு, இனிமே பால், தண்ணி கேன் எல்லாம் என்கிட்டதான் வாங்கணும், மாசாமாசம் எனக்குத் தனியா காசும் தரணும்னு சொன்னா எப்படி இருக்கும்? புகார் கொடுக்கவும் அவன்கிட்டயேதான் போகணும்! வேலியே பயிரை மேயுற கதை.

2010ல வந்த இந்தப் படம் முழுக்க கற்பனை இல்ல. 2008ல ரியோ சட்டசபை நிஜமாவே மிலீசியா பத்தி விசாரணைக் கமிட்டி போட்டுச்சு, அதுக்குத் தலைவரா இருந்த மார்செலோ ஃப்ரெய்ஷோதான் படத்துல வர்ற மனித உரிமைப் போராளி ஃப்ராகாவுக்கு இன்ஸ்பிரேஷன். எனக்கு முதல் பாகத்தை விட இதுதான் பிடிக்கும், துப்பாக்கிச் சண்டையை விட அரசியல்தான் இதுல பயமுறுத்தும்.

நிறைய பேர் படத்துல வர்ற போப்பேவும் (BOPE) மிலீசியாவும் ஒண்ணுன்னு குழப்பிக்கிறாங்க, போப்பே அரசாங்கத்தோட அதிகாரப்பூர்வ அதிரடிப்படை, மிலீசியா சட்டவிரோத கும்பல்.