புகைபிடிப்பவருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம்

வணக்கம். நாள்தோறும் புகைபிடிக்கும் உங்கள் தந்தையார், அதன் தீங்கை ஈடுகட்டப் பீட்டா கரோட்டின் (கேரட் போன்ற காய்கறிகளில் உள்ள நிறமி) மாத்திரை சாப்பிடுவதாகவும், அதைத் தொடரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜோடி இல்லாத எலக்ட்ரானைக் கொண்ட ஃப்ரீ ரேடிக்கல்கள் என்னும் நிலையற்ற துகள்கள் அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டிஎன்ஏ ஆகியவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துச் செல்களைச் சிதைக்கின்றன என்பதும், ஒவ்வொரு இழுப்பும் அவற்றை நுரையீரலுக்குள் கொண்டுசேர்க்கிறது என்பதும் உண்மைதான். ஆனால், எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்கும் பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்டை மாத்திரையாக அள்ளிக் கொடுத்தால் போதும் என்ற கணக்கு மனித உடலில் பொய்த்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் இதையொத்த மற்றோர் ஆய்வு, தீங்கு தெரிந்ததும் 1996-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. எனக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவைப்படவில்லை.

காய்கறி, பழங்களில் இயல்பாக உள்ள அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவர் மல்டிவிட்டமினோ கண்ணுக்கான மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால், அட்டையின் பின்புறத்தில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். புகைபிடிப்பதைக் கைவிட உதவும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் பற்றி அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.